சிங்கப்பூரில் இருக்கும் கணவருக்கு ஊரிலிருந்து மாத்திரை அனுப்பலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் ஆலங்குடி பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரருக்கு 36 வயது. வேலைக்கான டெஸ்ட் பாஸ் பண்ணி, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. 4 லட்சம் கடன், மூன்று ரூபாய் வட்டி. டார்மிட்டரியில் (தொழிலாளர் விடுதி) ஒரே ரூமில் 16 பேர் இருக்கிறார்கள். ஏழெட்டு மாதமாக நெஞ்சுக்குழியில் எரிச்சல், வயிற்று வலி என்கிறார். உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரியில் தூங்க முடியவில்லையாம். 7 கிலோ இளைத்துவிட்டார். இங்கே மெடிக்கலில் கேட்டு கேஸ் மாத்திரை, முதுகுவலி மாத்திரை, அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட் எல்லாம் வாங்கி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் மூன்று தடவை கொடுத்தனுப்பினேன். கேட்கவில்லை. அங்கேயே டாக்டரிடம் போகச் சொன்னால், கம்பெனிக்குத் தெரிந்தால் ஒர்க் பெர்மிட்டை கேன்சல் பண்ணிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். முன்பெல்லாம் நன்றாகப் பேசுவார். இப்போது ராத்திரி போன் போட்டால் இருட்டில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிவிட்டு வைத்துவிடுகிறார். எதையோ மறைக்கிறாரோ என்று இருக்கிறது. வேறு என்ன மாத்திரை அனுப்பலாம்? இல்லை, வந்துவிடச் சொல்லட்டுமா? என் தம்பியும் அதே ஏஜெண்ட் மூலம் போகப் பணம் கட்ட இருக்கிறான்.

பெயர் வேண்டாம், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய முதுகுவலி மாத்திரையை அவர் உடனே நிறுத்த வேண்டும். மெடிக்கலில் முதுகுவலிக்கு என்று கேட்டால் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையைத்தான் கொடுப்பார்கள். அதைச் சாப்பிடாத வயிற்றில் வாரக்கணக்கில் போட்டால் இரைப்பையின் உள்தோலே புண்ணாகிவிடும். முதுகுக்காக அனுப்பிய மாத்திரை வயிற்றைக் கெடுத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதில் உங்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு பையிலும் ஊறுகாய், பருப்புப்பொடியோடு இந்த மாத்திரை அட்டைகளும் போகின்றன. வெயிலில் வேர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற உடம்பில் இதே மாத்திரை சிறுநீரகத்தையும் பாதிக்கும். வலி தாங்கவே முடியவில்லை என்றால், டாக்டரைப் பார்க்கும் வரை பாரசிட்டமால் மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் உடனே கேளுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா? வாந்தியில் ரத்தமோ, காபித்தூள் மாதிரி ஏதாவதோ வருகிறதா? எழுந்து நின்றால் தலை சுற்றி விழப் பார்க்கிறாரா? சாப்பாடு விழுங்கும்போது அடைக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நாளை வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால்கூட, 7 கிலோ குறைந்திருப்பதை நான் சும்மா விடமாட்டேன். அந்த வயதில் வயிற்று எரிச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்த்தே ஆக வேண்டுமா என்று ஒரு டாக்டர் நேரில் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கேஸ் மாத்திரை எரிச்சலை அமுக்கி வைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து மறைத்துவிடும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இனி ஒரு மாத்திரைகூட இங்கிருந்து அனுப்பாதீர்கள்.

சரி, அவர் எதை மறைக்கிறார் என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். நான் 2015 முதல் 2021 வரை சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்த்தேன். 2020 ஏப்ரலில் கொரோனா டார்மிட்டரிகளுக்குள் பரவியபோது, உள்ளே போய்ப் பரிசோதித்த மருத்துவக் குழு ஒன்றில் நானும் இருந்தேன். அதுவரை அந்தத் தொழிலாளர்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அவர்கள் தூங்கும் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரட்டை அடுக்கு இரும்புக் கட்டில்கள். கீழ்க்கட்டிலைச் சுற்றி லுங்கியையோ பெட்ஷீட்டையோ திரை மாதிரி கட்டியிருப்பார்கள். அந்தத் திரைக்குள் இருக்கும் ஆறடிதான் ஒரு மனிதனின் சொந்த இடம். அதற்குள்ளேயே பெட்டி, சாமி படம், பிள்ளைகளின் போட்டோ, சார்ஜர். பகல் ஷிப்ட் ஆள் உள்ளே வரும்போது இரவு ஷிப்ட் ஆள் கிளம்பிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருப்பார்.

நீங்கள் ராத்திரி சமையல் முடித்து, பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, 9 மணிக்கு போன் போட்டால் அங்கே 11:30. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 16 பேர் ரூமில் 12 பேராவது தூங்கியிருப்பார்கள். லைட் போட முடியாது. சத்தமாகப் பேசினால் பக்கத்துக் கட்டில்காரர் திட்டுவார். அதனால்தான் இருட்டும் குசுகுசுப்பும். மாடிப்படியில் போய் உட்கார்ந்து பேசுகிறாராக இருக்கும். முகத்தைக் காட்டாததற்கும் காரணம் இளைத்திருப்பதாகவே இருக்கலாம். அவரை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இதே புகாரைத் தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ரூம்தான் காரணமாக இருந்தது.

அவருடைய ஒரு நாளைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். காலை 4:30, 5 மணிக்கு எழுந்து பாத்ரூம் வரிசையில் நிற்கிறார். 6 மணி வாக்கில் லாரியின் பின்னால் ஏறி, சைட்டுக்குப் போய்ச் சேருகிறார். 8 மணிக்கு வேலை. 5 மணிக்கு முடிந்தால் ஓடி, அதாவது ஓவர்டைம், இருக்கிறது. 8, 9 வரை போகும். திரும்பவும் லாரி. குளிக்க வரிசை, துணி துவைக்க வரிசை, அடுப்புக்கு வரிசை. 10:30, 11 மணிக்கு ஒரு தட்டு சோறு, சாப்பிட்ட கையோடு படுக்கை. இரைப்பை நிறைந்த நிலையில் படுத்தால் அமிலம் மேலே ஏறும். நெஞ்சுக்குழியில் எரியும். 11:30க்கு உங்கள் போன். 12 மணிக்கு மேல் மூட்டைப்பூச்சி. அதிகபட்சம் நாலரை மணி நேரத் தூக்கம். இப்படி ஒன்றரை வருடம் இருந்தால் 36 வயது உடம்பு 50 வயது மாதிரி பேசும்.

மதியச் சாப்பாட்டையும் கேளுங்கள். கேட்டரிங் சாப்பாடு என்றால், காலை, மதியம் இரண்டு பொட்டலமும் விடியற்காலையிலேயே வந்துவிடும். நடுராத்திரி தாண்டிச் சமைத்து, சூடாகவே பிளாஸ்டிக்கில் கட்டி, அந்த நாட்டு வெக்கையில் 12 மணி வரை சைட்டில் ஒரு மூலையில் தொங்கும். நாங்கள் படித்த பாடத்தில், ஆக்கிய சோறு நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அந்தச் சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்டால் வாந்தி, பேதி. தூக்கிப் போட்டால் பட்டினி. பலபேர் பாதியைக் கொட்டிவிட்டு, ஒரு பாக்கெட் டீயும் ரொட்டியுமாக மதியத்தை ஓட்டுவார்கள். அந்த வயிற்றில்தான் நம் முதுகுவலி மாத்திரை போய் விழுகிறது.

இதற்கு நான் சொல்லக்கூடிய யோசனை சின்னதுதான், ஆனால் என்னிடம் வந்தவர்களுக்குப் பலன் கொடுத்திருக்கிறது. குழம்பு ஊற்றிய சோற்றை மதியத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். சப்பாத்தி, ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் மாதிரி ஈரம் குறைந்ததும் தோலோடு இருப்பதும் மதியம் வரை தாங்கும். ஒரே சைட்டில் வேலை பார்க்கிற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால், மதியப் பொட்டலத்தைத் தனியாக 11 மணிக்குக் கொண்டுவந்து கொடுக்கிற கேட்டரிங்காரர்களும் உண்டு. இரவுச் சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்தி, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருந்துவிட்டுப் படுக்கட்டும். மேல்கட்டிலில் இருக்கிறார் என்றால் தலைப்பக்கம் இரண்டு தலையணை.

அரிப்புக்கு வருவோம். மூன்று விதமாக இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூட்டைப்பூச்சிக் கடி என்றால் கை, கால், கழுத்து என்று துணி மூடாத இடத்தில் வரிசையாக மூன்று நான்கு தடிப்புகள் இருக்கும். படர்தாமரை என்றால் இடுக்குகளில், இடுப்பில் வட்டமாக, ஓரம் சிவந்து பரவும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொடையிடுக்கு இங்கெல்லாம் பொடிப்பொடியாக வந்து, ராத்திரியில் உயிர் போகிற மாதிரி அரித்தால், பக்கத்துக் கட்டில்காரருக்கும் அப்படியே இருந்தால், அது சொறிப்பூச்சி. ஸ்கேபிஸ் என்பார்கள். நெருக்கமாகப் படுக்கிற இடங்களில் இது சாதாரணம். பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, இரவு முழுக்க விட்டுக் குளித்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பூச வேண்டும். ஆனால் அந்த ரூமில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் பூசினால்தான் பிரயோஜனம். அவர் ஒருவர் மட்டும் பூசிக்கொண்டால் பத்து நாளில் பக்கத்துக் கட்டிலிலிருந்து திரும்ப வந்துவிடும். அவர் லீவில் வந்தால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

நீங்கள் அனுப்பிய ஆயின்ட்மென்டின் பெயரை எழுதவில்லை. நம் ஊர்க் கடைகளில் அரிப்புக்கு என்று கேட்டால் தருகிற பல ட்யூபுகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசிய அன்றைக்கு அரிப்பு நின்ற மாதிரி இருக்கும். படர்தாமரையாக இருந்தால் உள்ளுக்குள் பரவி, பிறகு எந்த மருந்துக்கும் சீக்கிரம் அடங்காத அளவுக்குப் போய்விடும். பெயரில் பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால் என்று ஏதாவது இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கணவரின் பயம். அதை நான் லேசாக நினைக்கவில்லை. சிங்கப்பூரில் முதலாளி நினைத்தால் ஒர்க் பெர்மிட்டை ரத்து செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் வயிற்று வலிக்கும் அரிப்புக்கும் டாக்டரைப் பார்ப்பதற்கு அவர் கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. 2022 ஏப்ரலில் இருந்து, டார்மிட்டரியில் தங்கும் ஒர்க் பெர்மிட் தொழிலாளர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் இருக்கிறவர்களுக்கும் முதலாளி ஆரம்ப சுகாதாரத் திட்டம் ஒன்றை வாங்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். அவர்களுக்கென்றே மருத்துவ மையங்கள் இருக்கின்றன. ஒரு தடவை போனால் தொழிலாளி கையிலிருந்து கொடுப்பது 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). போனில் வீடியோ மூலம் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. மீதியெல்லாம் ஏற்கெனவே கட்டிய பணம். அதாவது அவருக்காகக் கட்டப்பட்ட வைத்தியத்தை விட்டுவிட்டு, நீங்கள் வட்டிக் கடனில் இங்கிருந்து மாத்திரை வாங்கி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையோ, ஓடி இல்லாத ஒரு மாலையோ போகலாம்.

டாக்டர் மருத்துவ விடுப்புச் சீட்டு கொடுத்தால் கம்பெனிக்குத் தெரியும். தெரிந்தாலும், ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு அந்த நாட்டு வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். எண்டோஸ்கோப்பி மாதிரி பெரிய செலவு வந்துவிடுமோ என்று அவர் பயப்படலாம். ஒர்க் பெர்மிட் தொழிலாளியின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கும், ஒரே நாளில் முடியும் அறுவை சிகிச்சைக்கும் வருடம் 60,000 வெள்ளிக்குக் குறையாத காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அதற்கு முன்பு இது 15,000 வெள்ளியாக இருந்தது. அவசரப் பிரிவில் பலர் முதலில் கேட்டது, 'பில் எவ்வளவு ஆகும் சார்' என்றுதான். எங்கே வலிக்கிறது என்பதை அதற்கப்புறம்தான் சொல்வார்கள்.

ஒருவரை மட்டும் சொல்கிறேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நாகப்பட்டினம் பக்கத்துப் பையன். ஐந்து மாதம் வயிற்று வலியைச் சொல்லாமல், ஊரிலிருந்து வந்த அட்டை அட்டையாக விழுங்கி, கடைசியில் சைட்டில் ரத்த வாந்தி எடுத்து வந்தான். புண் ஓட்டை போட்டிருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் மாதக்கணக்கில் வேலை இல்லை, அப்புறம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த பெர்மிட்டைக் காப்பாற்ற வலியைப் பொறுத்தானோ, அந்த பெர்மிட் போயிற்று. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். பயமுறுத்த வேண்டும் என்பதற்காக இல்லை. பெர்மிட் போகிற வழி எது என்று அவர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ரூமைப் பற்றி. 2020இல் டார்மிட்டரிகளில் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு கொரோனா வந்துபோனது. அரசாங்கமே வெளியிட்ட கணக்கு இது. ரூம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் நோய் பரவும் என்று எல்லோருக்கும் அன்றைக்குப் புரிந்தது. அதன் பிறகு புதிதாகக் கட்டும் டார்மிட்டரிகளில் ஒரு ரூமில் 12 பேருக்கு மேல் கூடாது, ஒரு ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம், கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர் இடைவெளி என்று விதி வந்தது. 4.2 சதுர மீட்டர் என்றால் நம் வீட்டுக் கயிற்றுக் கட்டில் இரண்டரை போடுகிற இடம். அதுவே பெரிய முன்னேற்றம் என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பழைய டார்மிட்டரிகள் 2030க்குள் ஓரளவும், 2040க்குள் முழுதாகவும் மாற வேண்டும் என்று கெடு கொடுத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் கணவரின் ரூமில் 16 பேர் இருப்பது இன்றைய தேதியில் விதிமீறலாக இல்லாமலும் போகலாம்.

ஆனால் மூட்டைப்பூச்சியும் அடைத்த கழிப்பறையும் அப்படி இல்லை. 2023 ஏப்ரலில் இருந்து 7 கட்டில், அதற்கு மேல் உள்ள எல்லாத் தொழிலாளர் விடுதிகளும் லைசென்ஸ் சட்டத்துக்குள் வந்துவிட்டன. சுத்தமாக வைத்திருப்பது நடத்துகிறவரின் கடமை. உங்கள் கணவர் தனியாகப் போய்ப் புகார் சொல்ல வேண்டாம். ரூம்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, மெத்தையின் ஓரத்தில் பூச்சி இருப்பதைப் போட்டோ எடுத்து, தேதியோடு டார்மிட்டரி ஆபீஸில் முதலில் சொல்லட்டும். ரூம் முழுக்க ஒரே நாளில் மருந்தடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு கட்டிலுக்கு மட்டும் அடித்தால் பூச்சி அடுத்த கட்டிலுக்கு நகரும், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் எம்ஓஎம் என்கிற மனிதவள அமைச்சிடம் சொல்லலாம். தொழிலாளர்களின் போனில் இருக்கும் எஃப்டபிள்யூமாம்கேர் செயலியில் தமிழும் இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர் மையத்தின் உதவி எண் 6536 2692, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். ஹெல்த்சர்வ், டிடபிள்யூசி2 போன்ற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை போகிற யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

இனி நான் மருத்துவத்துக்கு வெளியே போகிற மாதிரி தெரியும். ஆனால் என் அனுபவத்தில் இது வைத்தியம்தான். 4 லட்சத்துக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதம் 12,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. அந்தப் பன்னிரண்டாயிரத்துக்காகத்தான் அவர் ஒவ்வொரு நாளும் ஓடி பார்க்கிறார். உங்களிடமோ உங்கள் அம்மா வீட்டிலோ நகை இருந்தால், கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ வைத்து இந்தக் கடனில் பாதியையாவது அடைக்கப் பாருங்கள். வட்டி ஒரு ரூபாய் பக்கம்தான் வரும். பாதிக் கடனை மாற்றினாலே மாதம் நாலாயிரம் மிச்சம். அது அவருக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓடி இல்லாமல், ஏழு மணிக்கு ரூமுக்குத் திரும்பி, எட்டு மணிக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்குத் தூங்குகிற நாள். மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி கூடாது என்பது அங்கே பொதுவான சட்ட வரம்பு. அவர் எவ்வளவு பார்க்கிறார் என்று சம்பளச் சீட்டைப் பார்த்துக் கூட்டிப் பாருங்கள்.

போனையும் மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய மதிய இடைவேளை 12 மணி, உங்களுக்குக் காலை 9:30. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், ஆனால் நீங்கள் இரண்டு பேரும் பத்து நிமிஷம் வெளிச்சத்தில் பேசலாம். பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி 9 மணிக்குப் பேசாமல் இருந்தால் அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். டாக்டர் தூங்கச் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

வந்துவிடச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். டாக்டர் பார்த்து, உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, புண்தான், மருந்துக்கு ஆறும் என்றால் வரச் சொல்ல வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கடனோடு திரும்பி வருகிறவர்கள் ஆறு மாதத்தில் இன்னொரு ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டாவது கடன் முதல் கடனைவிட மோசம். கம்பெனியும் ரூமும்தான் பிரச்சினை என்றால் வேறு வழி இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளி, பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும்போது, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். அவர் பெர்மிட் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே கேட்டு காலண்டரில் குறித்து வையுங்கள். வயிற்றில் வேறு ஏதாவது இருக்கிறது என்று சொன்னாலும் அவசரப்பட்டு டிக்கெட் போடாதீர்கள். அங்கே காப்பீடு இருக்கும்போதே பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, எல்லா ரிப்போர்ட்டையும் கையில் வாங்கிக்கொண்டு பிறகு யோசிக்கலாம்.

உங்கள் தம்பி பணம் கட்டுவதற்கு முன்னால் ஐபிஏ கடிதத்தை, அதாவது ஒர்க் பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்கட்டும். அதில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். ஏஜெண்ட் வாயால் சொல்கிற தொகை கணக்கில் வராது. சிங்கப்பூரில் இருக்கிற ஏஜெண்ட் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எவ்வளவு போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு மேல் போகிற பணமெல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கத்து இடைத்தரகர்களுக்குத்தான். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பத்தாவது முடிக்காதவர்கள் போனால் நம் அரசாங்கத்தின் குடியேற்ற அனுமதியும் அதோடு ஒரு காப்பீடும் கட்டாயம். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இங்கே யாரும் அவன் காகிதத்தைச் சரிபார்க்க மாட்டார்கள், அவனேதான் பார்க்க வேண்டும். அப்புறம், சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற அதே வாயால், ரூமில் எத்தனை பேர், சைட்டிலிருந்து எவ்வளவு தூரம், மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு வரும் என்றும் கேட்கட்டும். ஏற்கெனவே அந்தக் கம்பெனியில் இருக்கிற ஒருவரிடம் பேசாமல் கட்ட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரே அங்கே இருக்கிறார், விசாரிக்கச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மருத்துவ மையத்துக்குப் போகட்டும். போகும்போது நீங்கள் அனுப்பிய எல்லா அட்டைகளையும், அந்த ஆயின்ட்மென்ட் ட்யூபையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டட்டும். எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் வரவில்லை என்றால் தமிழ் பேசுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்கலாம், பெரும்பாலும் இருப்பார்கள். அங்கே எழுதிக் கொடுக்கிற சீட்டைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.